ரெண்டு மைக் போதும், முதலில் டிரம் ஸ்கின்னை மாற்றுங்கள்

கேள்வி: அண்ணா, நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். சில வருடங்களாகச் சர்ச்சில் டிரம்ஸ் வாசிக்கிறேன். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து சொந்தமாகப் பாட்டுப் போட்டு வைத்திருக்கிறோம். மொட்டை மாடியில் பத்துக்குப் பத்து காங்கிரீட் அறை, அதில்தான் என் டிரம் செட் இருக்கிறது. கையில் இருப்பது ரெண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), ஒரு எஸ்எம்57 மைக், ஒரு கண்டென்சர் மைக், லேப்டாப், போன். ரெக்கார்ட் பண்ணிக் கேட்டால் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. காலால் அடிக்கும் கிக் டிரம் கேட்கவே இல்லை, சிம்பல் மட்டும் காதைக் கிழிக்கிறது. ஏழு மைக் உள்ள டிரம் மைக் செட்டும் எட்டு இன்புட் இன்டர்ஃபேஸும் தவணையில் வாங்கிவிடலாமா? சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாது என்கிறார்களே, அது உண்மையா? ஒரு சின்ன கிளிப்பும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

தம்பி, தவணைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். இப்போது ஒரு மைக்கில் கேட்கும் தகர டப்பா, ஏழு மைக் வாங்கினால் ஏழிலும் கேட்கும்.

உங்கள் கிளிப்பை ஹெட்போன் போட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டேன். வாசிப்பு சுத்தமாக இருக்கிறது, டெம்போ அப்படியே நிற்கிறது. ஆனால் ஸ்நேரில், அதாவது அடியில் கம்பிச்சுருள் கட்டிய அந்தச் சின்ன டிரம்மில், ஒவ்வொரு அடிக்கும் பின்னால் 'ணங்' என்று ஒரு ரிங் நீளுகிறது. தரையில் நிற்கும் பெரிய ஃப்ளோர் டாமை அடித்தால் ஸ்நேர் ஒயர் தானாக இரைகிறது. அறை ஒவ்வொரு அடியையும் இன்னொரு தரம் திருப்பிச் சொல்கிறது. இந்த மூன்றும் சத்தம் மைக்குக்கு வந்து சேருவதற்கு முன்பே நடந்து முடிகிற விஷயங்கள். எந்த மைக் வாங்கினாலும் இவற்றை அது சரிசெய்யாது, இன்னும் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும். அதனால் செலவு செய்ய நினைக்கிற காசில் ஒரு சிறு பகுதியை ஸ்கின்னுக்கு, அதாவது டிரம் மேல் இழுத்துப் பூட்டிய, அடி வாங்கும் ஷீட்டுக்குப் போடுங்கள், மீதி அப்படியே இருக்கட்டும்.

ஸ்நேரின் மேல் ஸ்கின்னை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவில் வெள்ளைக் கோட்டிங் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருக்கிறதா? விரலால் தடவும்போது குழி தட்டுப்படுகிறதா? ரெண்டில் ஒன்று இருந்தாலும் மாற்றிவிடுங்கள். மிருதங்கத் தோலைப்போல இது ஈரப்பதத்துக்குத் தளர்ந்து போகாது, பாலியெஸ்டர் ஃபிலிம்தான். ஆனால் அடிவாங்கி அடிவாங்கி நடுவில் நீண்டு தொய்ந்துவிடும். அதற்கப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் ஒரே சுருதியில் நிற்காது. 14 இன்ச் கோட்டட் ஸ்கின் ஒன்று போதும், ரெமோ, எவான்ஸ் எதுவானாலும் சரி. கையில் இன்னும் காசு இருந்தால் ஸ்நேரின் அடி ஸ்கின்னையும் மாற்றுங்கள். அதை யாரும் கவனிப்பதில்லை, வாங்கிய நாளிலிருந்து அதுவே கிடக்கும்.

புது ஸ்கின் போடும்போது அவசரப்படாதீர்கள். பழையதைக் கழற்றியதும் டிரம்மின் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள். தூசு, மரச்செதில் ஏதும் இருந்தால் துடைத்துவிடுங்கள். ஸ்கின்னை வைத்து, வளையத்தை மேலே போட்டு, எல்லா ஸ்க்ரூவையும் முதலில் கை விரலால் மட்டும் முறுக்குங்கள், விரலுக்கு எவ்வளவு வருகிறதோ அவ்வளவு. அப்புறம் டியூனிங் கீயை எடுத்து, ஒரு ஸ்க்ரூ அரைச்சுற்று, அதற்கு நேர் எதிரில் இருப்பது அரைச்சுற்று என்று குறுக்கும் நெடுக்குமாகப் போங்கள். வரிசையாகச் சுற்றி வந்தால் ஸ்கின் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். சுருக்கம் போனதும் நடுவில் ஒரு விரலை லேசாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் முன்னால் ஓர் அங்குலம் தள்ளி ஸ்டிக் நுனியால் மெதுவாகத் தட்டுங்கள். எல்லா இடத்திலும் ஒரே சுருதி வர வேண்டும். எது இறங்கிக் கேட்கிறதோ அதைக் கால் சுற்று ஏற்றுங்கள். ஏறிக் கேட்பதை நேராக இறக்கக் கூடாது. நன்றாகத் தளர்த்திவிட்டு மறுபடி மேலே ஏற்றிக் கொண்டுவந்தால்தான் நிலையாக நிற்கும்.

இப்படி எல்லா ஸ்க்ரூவும் ஒரே சுருதிக்கு வந்தாலே உங்கள் கிளிப்பில் இருக்கும் அந்த 'ணங்' பெரும்பாலும் அடங்கிவிடும். ரெண்டு ஸ்க்ரூக்கள் ஒன்றோடொன்று சேராமல் நிற்கிறபோதுதான் ரிங் அப்படி அருவருப்பாகக் கேட்கும். மிச்சம் இருப்பதற்கு டிஷ்யூ பேப்பரைக் கட்டைவிரல் அளவுக்கு மடித்து விளிம்போரமாக டேப் போட்டு ஒட்டுங்கள். ஸ்நேர் முழுக்கத் துணியைப் போட்டு மூடாதீர்கள், உயிர் போய்விடும். ஃப்ளோர் டாம் அடித்தால் ஸ்நேர் இரைவதை முழுதாக நிறுத்த முடியாது. டாமின் சுருதியைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள், ஓர் இடத்தில் இரைச்சல் சட்டென்று குறையும். கிக்குக்குள் ஒரு தலையணையை வைத்து, ரெண்டு பக்க ஸ்கின்னையும் அது லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும்படி விடுங்கள். திணிக்க வேண்டாம்.

அடுத்தது அறை. பத்தடி நீளம், பத்தடி அகலம். நம் ஊர் வீடுகளில் கூரையும் கிட்டத்தட்டப் பத்தடி உயரத்தில்தான் இருக்கும். டிரம்ஸுக்கு இதைவிடச் சிரமமான அளவு அமைவது கஷ்டம். ஒலி விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் ரெண்டு சுவர்களுக்கு நடுவில் சுமார் 56 ஹெர்ட்ஸில் ஒரு முழக்கம் நிற்கும். வேறுவேறு அளவுள்ள அறையில் இந்த முழக்கம் நீளத்துக்கு ஓர் இடம், அகலத்துக்கு ஓர் இடம், உயரத்துக்கு ஓர் இடம் என்று பிரிந்துபோகும். உங்கள் அறையில் மூன்றும் அதே 56-இல் வந்து குவிகின்றன. கிக்கின் அடிச்சத்தமும், அதாவது கீழ்ஸ்தாயிச் சத்தமும், அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

இந்த முழக்கம் சுவரோரம் மிக அதிகமாகவும் அறையின் நட்டநடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாமலும் இருக்கும். நீங்கள் செட்டை நடுவில் ஃபேனுக்கு நேர் கீழே போட்டிருக்கலாம் என்று கிளிப்பைக் கேட்டதும் தோன்றியது. கிக்கை அங்கே வைத்து மைக்கையும் அங்கேயே வைத்தால் அடிச்சத்தம் காணாமல் போகும். செட்டை நகர்த்துங்கள். ஒரு சுவரிலிருந்து மூன்றரை அடியில் கிக்கின் முன்பக்கம் வருகிற மாதிரி வைத்து வாசித்துப் பாருங்கள், பக்கவாட்டிலும் நடுவை விட்டுக் கொஞ்சம் ஒதுக்குங்கள். நண்பர் ஒருவரைக் கிக்கை மட்டும் அடிக்கச் சொல்லிவிட்டு அறைக்குள் நடந்து பாருங்கள். எங்கே நிற்கும்போது நெஞ்சில் அடிக்கிறது, எங்கே காணாமல் போகிறது என்று உங்கள் காதே சொல்லிவிடும்.

கையைத் தட்டினால் காங்கிரீட் சுவர்களுக்கு நடுவில் 'டிர்ர்ர்' என்று எதிரொலிக்குமே, அதற்கு மருந்து வீட்டிலேயே இருக்கிறது. இலவம் பஞ்சு மெத்தைகளை எதிரெதிர்ச் சுவர்களில் ஒரு சுவரிலாவது நிமிர்த்திச் சாத்துங்கள். சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைத்தால் இன்னும் கொஞ்சம் கீழ்ச் சத்தத்தையும் வாங்கிக்கொள்ளும். ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ப் பக்கத்துக்குக் கயிறு கட்டி, டிரம்ஸுக்கு மேலே கனமான ரஜாய் ஒன்றைத் தொங்கவிடுங்கள், கூரையில் பட்டுத் திரும்புகிற சிம்பல் சத்தம் நன்றாகக் குறையும். 56 ஹெர்ட்ஸை மெத்தை தடுக்காது. அந்த அலையின் நீளமே இருபது அடி. அதற்குச் செட்டை நகர்த்துவது மட்டும்தான் வழி.

முட்டை அட்டை வேண்டவே வேண்டாம். அது மெல்லிய காகிதக்கூழ். மேல்ஸ்தாயிச் சத்தத்தை ஏதோ கொஞ்சம் சிதறடிக்கும், அவ்வளவுதான். சத்தம் வெளியே போகாமல் தடுக்க வேண்டுமென்றால் கனமும் வேண்டும், காற்றுப் புகாத அடைப்பும் வேண்டும். அட்டையில் ரெண்டும் இல்லை. தீப்பிடித்தால் மட்டும் சடசடவென்று எரியும். கதவுக்கு அடியில் இருக்கும் சந்தில் துணியைச் சுருட்டி அடைத்தாலே முட்டை அட்டையைவிட அதிகப் பலன் கிடைக்கும். அதற்கு மேல், பக்கத்து வீட்டு அம்மாவிடம் நேரில் போய், "ஞாயிறு மத்தியானம் மூணு மணியிலிருந்து அஞ்சு வரைக்கும் மட்டும் வாசிக்கிறோம்மா" என்று சொல்லிவிட்டு வாருங்கள். எப்போது முடியும் என்று தெரிந்தால் மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

சரி, மைக். உங்களிடம் இருக்கும் ரெண்டும் போதும் என்று சொல்வது ஆறுதலுக்காக இல்லை. கண்டென்சரை மேலேயும் எஸ்எம்57-ஐக் கிக்கிலும் வையுங்கள். பலர் 57 என்றதும் ஸ்நேருக்குக் கொண்டுபோவார்கள். ஏழெட்டு மைக் இருக்கும் இடத்தில் அது சரி. ரெண்டே மைக் என்றால் ஸ்நேரை மேல் மைக்கே நன்றாக எடுத்துவிடும், கிக்கைத்தான் தவறவிடும்.

கண்டென்சரை வைக்கிற இடத்துக்கு நிறைய நேரம் கொடுங்கள். ஸ்நேரின் நடுவிலிருந்து சுமார் மூன்றரை அடி உயரத்தில், உங்கள் வலது தோளுக்குச் சற்று மேலே, கிட்டின் நடுவைப் பார்த்தபடி வையுங்கள். அங்கே ஸ்நேரும் டாமும் நேராகத் தெரியும், சிம்பல்கள் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். கிராஷ் சிம்பலுக்கு நேர் மேலே கொண்டுபோனால் இப்போது இருக்கும் தொல்லைதான் மறுபடியும். ஒரு நிமிடம் ரெக்கார்ட் பண்ணுங்கள், கேளுங்கள், அரை அடி நகர்த்துங்கள், மறுபடி ரெக்கார்ட் பண்ணுங்கள். ஹைஹேட் (காலால் மூடித் திறக்கும் ஜோடிச் சிம்பல்) தூக்கலாகக் கேட்டால் மைக்கை ஃப்ளோர் டாம் பக்கம் திருப்புங்கள். மைக்கில் 10 டெசிபெல் குறைக்கும் சுவிட்ச் இருந்தால் போட்டுவிடுங்கள். மைக் கேபிள் வழியாகவே இன்டர்ஃபேஸ் அனுப்பும் 48 வோல்ட் ஃபாண்டம் பவர் கண்டென்சருக்குத் தேவை. 57-க்குத் தேவையில்லை, ஆனால் ரெண்டு இன்புட்டுக்கும் ஒரே பட்டனாக இருந்தால் பயப்படாதீர்கள், நல்ல எக்ஸ்எல்ஆர் கேபிளில் அது 57-ஐ ஒன்றும் செய்யாது.

கிக்கின் முன் ஸ்கின்னில் ஓட்டை இருந்தால் 57-ஐ அதன் வாயிலில் வையுங்கள், நுனி மட்டும் உள்ளே போனால் போதும். ஓட்டை இல்லையென்றால் முன் ஸ்கின்னிலிருந்து ரெண்டு மூன்று அங்குலம் தள்ளி, நடுவை விட்டுக் கொஞ்சம் விலக்கி வையுங்கள். இந்த மைக் இயல்பில் அடிச்சத்தத்தை அதிகம் எடுக்காது. பக்கத்தில் கொண்டுபோகப் போக அடிச்சத்தம் கூடும். அதனால் தூரத்தை அங்குலக் கணக்கில் மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

இப்போது சொல்வதைத்தான் மிக முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் உங்கள் கிக் காணாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பெடலை மிதித்ததும் அடிக்கும் பக்கத்து ஸ்கின் உங்களை விட்டு விலகிப் போகிறது, அதாவது மேல் மைக்கை விட்டு விலகுகிறது. அதே நேரம் முன் ஸ்கின் 57-ஐ நோக்கித் தள்ளுகிறது. ஒரே அடியை ஒரு மைக் இழுப்பாகவும் இன்னொரு மைக் தள்ளலாகவும் பதிவு செய்கிறது. ரெண்டையும் சேர்த்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். போதாததற்கு மேல் மைக் கிக்கிலிருந்து நாலடி தள்ளி இருந்தால் சத்தம் அங்கே மூன்றரை மில்லிவிநாடி தாமதமாகப் போய்ச் சேருகிறது. அதனால் எந்தச் சுரம் கூடும், எது குறையும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதைவிடக் கேட்டுத் தீர்மானிப்பதே நல்லது. ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு டிராக்கிலும், வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்ட மாதிரி ஒரு பட்டன் இருக்கும். ரெண்டு டிராக்கையும் சேர்த்து ஓடவிட்டு, கிக் டிராக்கில் அந்தப் பட்டனைப் போட்டும் எடுத்தும் கேளுங்கள். எதில் கிக் கனமாகக் கேட்கிறதோ அதுவே சரி. அப்புறம் மேல் மைக்கை ரெண்டு மூன்று அங்குலம் முன்பின் நகர்த்திக் கேளுங்கள். மேல், கீழ்ச் சத்தங்களைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் ஒரு மணி நேரம் மல்லாடியும் வராத கனம் இதில் வந்துவிடும்.

போனையும் சும்மா விடாதீர்கள். 1971 நவம்பரில் வெளிவந்த லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் நாலாவது ஆல்பத்தில், இன்றைக்கும் எஞ்சினியர்கள் பேசிக்கொண்டிருக்கும் ஒரு டிரம் சத்தம் இருக்கிறது. அது ஸ்டூடியோவில் எடுத்தது இல்லை. இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பக்கம் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய பெரிய வீட்டில், மாடிப்படி ஏறும் கூடத்தில் அவர்களுடைய டிரம்மர் ஜான் பானமின் செட்டைப் போட்டு, எஞ்சினியர் ஆண்டி ஜான்ஸ் மேலே படிக்கட்டுப் பக்கத்திலிருந்து ரெண்டே மைக்கைத் தொங்கவிட்டு எடுத்தார். அவை பேயர்டைனமிக் எம்160 என்ற ரிப்பன் மைக்குகள். நல்ல கருவிகள்தான், ஆனால் வேலை செய்தது அந்த உயரமான மாடிப்படிக் கூடமும் பானமின் கையும் காலும். உங்களுக்கும் மொட்டை மாடிக்கு ஏறி வரும் படிக்கட்டு இருக்கிறது. அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, படி திரும்பும் இடத்தில் போனை வையுங்கள். ஏரோப்ளேன் மோடில் போட்டு, சத்தத்துக்கு ஏற்ப அளவைத் தானாக ஏற்றி இறக்கும் வசதியை அணைக்க முடிகிற ரெக்கார்டர் ஆப் ஒன்றில், வேவ் ஃபைலாக எடுங்கள். பாட்டு ஆரம்பிக்கும் முன் ஸ்டிக்கை நாலு தடவை பலமாகத் தட்டினால் மூன்று டிராக்கையும் சேர்ப்பது சுலபம். போனின் கடிகாரமும் இன்டர்ஃபேஸின் கடிகாரமும் நூல் பிசகாமல் ஒன்றாக ஓடாது. பாட்டின் கடைசியில் விலகல் தெரிந்தால் சரணத்துக்குச் சரணம் வெட்டி நகர்த்திக்கொள்ளுங்கள். இந்த டிராக்கை மெல்லிசாகக் கலந்தாலே பத்தடி அறை என்பது மறந்துபோகும். கதவு திறந்திருப்பதால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கூடும், அதையும் அந்த அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

சிம்பல் காதைக் கிழிப்பதற்கு மைக்கை மட்டும் குறை சொல்ல முடியாது. பெரிய கூடத்தில் மைக் இல்லாமல் வாசித்துப் பழகிய கை, சிம்பலைப் பலமாகவே அடிக்கும், அங்கே அது தேவை. மேலே ஒரே மைக் வைத்து எடுக்கும்போது மிக்ஸிங் நடப்பது உங்கள் கையில்தான். ஹைஹேட்டைப் பாதி பலத்தில் வாசித்து, ஸ்நேரை நடுவில் ஓங்கி அடித்து, ஒரு வாரம் பழகிப் பாருங்கள். கொஞ்சம் மெலிந்த ஸ்டிக் உதவும். சிம்பலைத் தனியாகக் குறைக்க அப்புறம் எந்த பட்டனும் கிடையாது.

ரெக்கார்ட் பண்ணும்போது 24 பிட்டில் எடுங்கள். உச்ச அடி மைனஸ் 12 டெசிபெல்லைச் சுற்றி நிற்கும்படி கெயினை, அதாவது இன்டர்ஃபேஸில் மைக்கின் அளவை, வையுங்கள். சும்மா தட்டிப் பார்க்கும்போது வைத்த அளவை நம்பாதீர்கள், பாட்டு ஓட ஆரம்பித்ததும் எல்லா டிரம்மரும் கூடுதலாகத்தான் அடிப்பார்கள். பாட்டின் மிகச் சத்தமான இடத்தை முழு வேகத்தில் வாசித்து அளவு பாருங்கள். ஃபேனை நிறுத்துங்கள். லேப்டாப்பில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வந்தால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள், பெரும்பாலும் போய்விடும். தாளம் பிடிக்க ஓடும் கிளிக்கைக் கேட்க, காதை முழுக்க மூடும் ஹெட்போன் வேண்டும். இயர்போனில் கிளிக்கைக் கூட்டி வைத்தால் அமைதியான இடங்களில் அது மேல் மைக்கில் ஏறிவிடும், காதுக்கும் கேடு. அந்தச் சின்ன அறையில் காதைப் பாதுகாக்காமல் தினமும் வாசிக்காதீர்கள். இதை உங்கள் மேல் உள்ள அக்கறையில் கண்டிப்பாகவே சொல்கிறேன். காதில் ஒரு தடவை வந்த இரைச்சல் போகாமலே தங்கிவிடலாம்.

மிக்ஸிங்குக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிக் டிராக்கில் 300, 400 ஹெர்ட்ஸ் பக்கம் தாராளமாகக் குறையுங்கள், டப்பா சத்தம் இருப்பது அங்கேதான். 60, 70-இல் கொஞ்சம் ஏற்றுங்கள். பெடலின் பீட்டர் ஸ்கின்னில் படும் 'டிக்' வேண்டுமென்றால் 3,000, 4,000-இல் ஒரு துளி. மேல் மைக்கில் கீழ்ச் சத்தத்தை வெட்டித் தள்ளிவிடாதீர்கள், ஸ்நேரின் உடம்பு 200 ஹெர்ட்ஸைச் சுற்றி அதில்தான் இருக்கிறது. பலமான அடியை அமுக்கும் கம்ப்ரெஸரில் அட்டாக்கை, அதாவது அது அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரத்தை, 30 மில்லிவிநாடிக்கு மேல் வைத்தால் அடியின் முனை மழுங்காது.

இவ்வளவும் செய்த பிறகும் வாங்கத்தான் வேண்டுமென்றால், உங்களிடம் இருக்கும் அதே மாடல் கண்டென்சர் இன்னொன்றும், நாலு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸும் வாங்குங்கள், நாலிலும் மைக் செருக முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். சிலவற்றில் ரெண்டு மட்டும்தான் மைக்குக்கு இருக்கும். அப்போது முன்பு சொன்ன எஞ்சினியர் ஆண்டி ஜான்ஸின் அண்ணன் கிளின் ஜான்ஸ் பிரபலமாக்கிய முறையைச் செய்யலாம். ஒரு கண்டென்சர் ஸ்நேருக்கு மேலே, இன்னொன்று ஃப்ளோர் டாமுக்கு வெளியே ஹைஹேட்டைப் பார்த்தபடி. ஸ்நேரின் நடுவில் நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ரெண்டு மைக்கும் சரியாக ஒரே தூரத்தில் வருகிறதா என்று அளக்க வேண்டும், அப்போதுதான் ஸ்நேர் நடுவில் கெட்டியாக நிற்கும். 57 அன்றைக்கு ஸ்நேருக்குப் போகலாம், கிக்குக்கு ஒரு மைக்கை நண்பர்களிடம் இரவல் கேளுங்கள். அதுவரை ஸ்கின், செட் வைக்கும் இடம், அந்த வட்டக்குறி பட்டன், இந்த வரிசையில் போங்கள். ஸ்கின் மாற்றியதும் ஈக்வலைசர், ரிவெர்ப் எதுவும் போடாமல் ரெண்டு டிராக்கையும் தனித்தனி வேவ் ஃபைலாக அனுப்புங்கள், மேல் மைக்கை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று கேட்டுச் சொல்கிறேன்.